எந்த நாட்டு ஜனாதிபதி?

1

இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் நிஜம். அதையும் நான் எழுதவில்லை, காதில் விழுந்தது. மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாராவது வந்து “எங்க வூட்டுக் கதைய எப்படி எழுதலாம்?” என்று சட்டையைப் பிடிக்கக் கூடாது பாருங்கள்.

இரண்டாயிரத்து ஏழு, மழைக்காலம். மரத்துப்போகிற இடது காலைக் காட்டுவதற்காக அரியாங்குப்பத்திலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய், ஒரு நரம்பு டாக்டரின் கிளினிக்கில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வயதான ஒரு தம்பதி. அவர் இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக, கல்யாணத்துக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் அவர் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“இன்னிக்கி டாக்டர் என்னா கேட்டாலும் தெரியலன்னு சொல்லிடுங்க. ஒரே ஒரு தடவ. எனக்காக.”

நன்றாகப் பதில் சொல்லு கண்ணு என்று பிள்ளையிடம் கெஞ்சும் தாய்மார்களைப் பள்ளிக்கூட வாசலில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபெயிலாகச் சொல்லிப் புருஷனைக் கெஞ்சும் பெண்சாதியை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்தும் அந்த வாக்கியம் பல்லிடுக்கில் சிக்கிய மாங்காய் நார் மாதிரி போகவே இல்லை. எதற்காக அப்படிக் கெஞ்சினாள்? தெரியாது. எழுத்தாளனுக்குத் தெரியாத இடத்தில் என்ன செய்வான்? கதை கட்டுவான்.

2

முதல் தொடக்கம்:

“கீழூர் வாக்கெடுப்பில் இந்தியாவோடு சேர வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை பேர்? எட்டுப் பேர். இந்த எட்டை ஊருக்கே கற்றுக்கொடுத்த ஒகுஸ்த்—”

[நிறுத்திவிட்டேன். முதல் வரியிலேயே வாசகரைப் பரீட்சைக்கு உட்கார வைத்தால் அவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.]

இரண்டாம் தொடக்கம்:

“டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் திரும்ப வாங்கினார்கள், ஆங்கிலேயர்கள் இடித்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டினார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறி வந்த இந்த நகரத்தில்—”

[இது கதை இல்லை. கடற்கரையில் டூரிஸ்ட்டுகளிடம் கைடு ஒப்பிக்கிற பாட்டு.]

மூன்றாம் தொடக்கம்:

“ஏஸ்தெல் அழுதாள்.”

[பொய். கிளினிக் பெஞ்சில் அந்த அம்மாள் அழவில்லை. அழுதிருந்தால் நான் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பியிருப்பேன். இந்தக் கதையும் என்னிடமிருந்து தப்பித்திருக்கும்.]

நாலாவது தொடக்கம் என்று ஒன்று இல்லை. நேராக ஆட்களைக் கூப்பிட்டுவிடுகிறேன்.

3

கிளினிக்கில் பார்த்தவருக்கு ஒகுஸ்த் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த உடனே பாதிக் கதை எழுதி முடிந்துவிடுகிற ஊர் இது. ஒகுஸ்த் என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, மாசம் பிறந்தால் பிரான்சிலிருந்து வரும் பென்ஷன், துய்மா வீதிப் பக்கம் ஓட்டு வீடு, பாரீசுக்கு வெளியே ஒரு பிள்ளை என்று எல்லாம் தானாக ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. எனக்குக் கற்பனைச் செலவு மிச்சம்.

நான் சேர்த்தது ஒன்றுதான். அவரை க்விஸ் மாஸ்டர் ஆக்கினேன். ஓய்வுபெற்ற சொல்தாக்களின் சங்கத்தில் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு அன்று கொடியேற்றி, மாலை போட்டு, சாப்பிட்டு முடித்த பிறகு மத்தியானம் க்விஸ் நடக்கும். பாதிக் கேள்வி சரித்திரம், பாதி சினிமா. “சரித்திரம் தெரிஞ்சவனுக்கு சினிமா தெரியாது, சினிமா தெரிஞ்சவனுக்கு சரித்திரம் தெரியாது. ரெண்டுலயும் தோத்துப்போறவந்தான் நெஜமான பாண்டிக்காரன்” என்று மைக்கில் சொல்வார். எல்லாரும் கைதட்டுவார்கள். மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனால்கூட ‘க்விஸ் முசே’, அதாவது க்விஸ் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

கேள்விகளை முதலில் வீட்டில் பெண்சாதி ஏஸ்தெல்லிடம்தான் போட்டுப் பார்ப்பார். அவள் சொல்லிவிட்டால் கேள்வியைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

“உனக்கே தெரிஞ்சிருந்தா அது கேள்வியாடி?”

“ஏன், எனக்குத் தெரியக்கூடாதா?”

“தெரியலாம். ஆனா நீ தெரிஞ்சத மூஞ்சிலயே காட்டிடுவ. க்விஸ்ஸுக்கு ஆவமாட்ட.”

பதிலுக்கு அவள் காய் நறுக்கிக்கொண்டே எதையாவது கேட்பாள். தெரியாவிட்டால் அவர் “பாஸ், அடுத்த டீம்” என்பார். அடுத்த டீம் யார்? அவளேதான். கேள்வியும் அவள், விடையும் அவள். இருவரும் சிரிப்பார்கள். நாற்பது வருஷம் இப்படி ஓடியது.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஏஸ்தெல்லை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. புருஷனின் புத்திசாலித்தனத்தில் குளிர்காய்கிற பெண்ணாக எழுதிக்கொண்டே போனேன். ஐந்தாம் பகுதி எழுதும்போதுதான் அவளுக்கு வாய் முளைத்தது. அதற்குப் பிறகு அவளை விட்டு என்னால் நகர முடியவில்லை. இனி கதை அவள் பக்கத்தில்தான் நடக்கும்.

4

மறதி நோய்க் கதைகளில் முதலில் சாவி தொலையும். பிறகு அடுப்பில் பால் பொங்கும். [அப்படித்தான் எழுதினேன். பால் பொங்கிய பத்தியை அடித்துவிட்டேன். எல்லார் வீட்டிலும்தான் பால் பொங்குகிறது.] ஒகுஸ்த் எதையும் தொலைக்கவில்லை. ஷூவுக்கு அவரே பாலிஷ் போட்டார், பேப்பரை வரி விடாமல் படித்தார். ஒரு நாள் காலையில் ஏஸ்தெல் காபியை நீட்டியபோது எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

“மெர்சி, மதாம்.”

அவள் விளையாட்டு என்று நினைத்தாள். “என்னா, புதுசா நன்றியெல்லாம்? மருவாதி பலமா இருக்கு?” என்றாள். அவர் சங்கடமாகச் சிரித்தார். சாயங்காலமும் மதாம்தான். மறுநாளும் மதாம். அடியே, வாடி, போடி என்று நாற்பது வருஷம் ஏவிய வாய், ‘நீங்க’ என்பதைத் தவிர வேறு சொல்லை மறந்துவிட்டது.

பிறகு ஒரு மத்தியானம், அவள் படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

“மதாம், தப்பா நெனைக்காதீங்க. நீங்க இந்த ரூமுக்கு வர்றது சரியில்ல. எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. என் பெஞ்சாதி ஏஸ்தெல் வந்து பாத்தா என்னா நெனப்பா?”

அந்த இடத்தில் அவளுக்கு என்ன ஆயிற்று என்று எழுத நாலு விதமாக முயன்றேன். உலகம் சுழன்றது, நெஞ்சில் கத்தி இறங்கியது என்றெல்லாம் வந்தது. எல்லாம் குப்பை. அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவள் கூடத்தில் உட்கார்ந்து, என்மேல் இவ்வளவு விசுவாசமா என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பிறகு அழுதாள்.

அன்று முதல் அவளுக்குக் கூடத்தில் பாய். அவருக்கு உள்ளே தாழ்ப்பாள். சில நாள் சாயங்காலம் “வூட்டுக்குப் போவணும், தேடுவாங்க” என்று தன் வீட்டிலிருந்தே கிளம்பிவிடுவார். அவள் பின்னாலேயே ஓடுவாள். கிட்டே போனால் அவருக்குக் கோபம் வரும். “மதாம், பின்னால வராதீங்க. ஜனங்க தப்பாப் பேசுவாங்க.” அதனால் யாரோ எவரோ போல நாலு வீடு தள்ளி நடப்பாள். கடற்கரை வரை போவார், காற்று வாங்குவார், களைத்துப்போய்த் திரும்புவார். ஊரெல்லாம் அவருக்கு வணக்கம் வைக்கும். அவர் எல்லாருக்கும் பதில் வணக்கம் வைப்பார். மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும் கிழவிக்கு மட்டும் வைக்கமாட்டார்.

5

நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இதை அவள் யாரிடமாவது சொல்ல வேண்டியதுதானே?

சொன்னாள். முதலில் எதிர்வீட்டு ஆதிமூலத்திடம் சொன்னாள். தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர், ஒகுஸ்த்தின் பரம ரசிகர். உடனே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“முசே, தமிழ்ல பேசற படம் மொத மொதல்ல எந்த வருஷம் வந்துது?”

“முப்பத்தியொண்ணு.”

“பாண்டிய இங்கிலீஷ்காரன் தரமட்டமா இடிச்சது?”

“அறுவத்தியொண்ணுல புடிச்சான். ஆயிரத்து எழுநூத்தி அறுவத்தியொண்ணு. உடனே இடிக்க ஆரம்பிச்சுட்டான்.”

ஆதிமூலம் ஏஸ்தெல்லைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இவருக்கா மறதி? யம்மா, எனக்கு மத்தியானம் என்னா சாப்ட்டேன்னே ஞாபகம் இல்ல.”

“என்ன மதாம்னு கூப்புடறாருங்க.”

“அதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்! இந்த வயசுலயும் பிரெஞ்சுக்காரன் மாதிரி பொண்டாட்டிய மதாம்ங்கிறாரு. என் வூட்டுல நான் ‘ஏய்’ங்கிறத தாண்டுனதே இல்ல. ஊர்ல இருக்கற பொம்பளைங்க கேட்டா பொறாமப்படுவாங்க.”

இந்தத் தப்பை வேறு ஊரில் யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். விழுப்புரத்தில் ஒருவர் தன் பெண்சாதியை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தால் மறுநாளே மந்திரிக்க அழைத்துப் போயிருப்பார்கள். இங்கே அது நாகரிகம்.

பிள்ளை திதியேவிடமும் சொன்னாள். பாரீசுக்கு வெளியே சர்செல்லில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். அவனும் ஆதிமூலம் செய்ததையே செய்தான். அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி மங்கோலியாவின் தலைநகரம் கேட்டான், எட்டுப் பேர் கணக்கைக் கேட்டான். கடைசியில் “மம்மா பேரு என்னா பப்பா?” என்றும் கேட்டான். ஒகுஸ்த் பெயரைச் சொன்னார், பிறந்த தேதியைச் சொன்னார், கல்யாணம் நடந்த கோயிலைச் சொன்னார். ஏஸ்தெல் என்ற தலைப்பில் அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை. அந்த ஏஸ்தெல் பக்கத்தில்தான் நிற்கிறாள் என்பது மட்டும் தெரியாது. அதை யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் நிற்கிற பெண்சாதியைக் காட்டி இது யார் என்று எந்த மரியாதையுள்ள மனுஷன் கேட்பான்?

“பப்பா ஷார்ப்பா இருக்காரு மம்மா. நீதான் டயர்டா இருக்க.”

“நீ வந்து பாரு திதியே. என்னால தனியா முடியல.”

“டாக்டர் ஒரு வார்த்த சொல்லட்டும். ரெண்டு பேரையும் இங்க கூட்டிக்கிறேன், பாத்துக்க ஆள் இருக்கு. சும்மா எப்படி மம்மா?”

ஆக, அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆமாம், உன் புருஷனுக்கு உடம்பு சரியில்லை, நீ சொல்வது உண்மை என்று ஒரு ஆள் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கிளினிக்.

6

டாக்டர் வெளியூர்க்காரர், நல்ல மனுஷன். [கெட்டவராக எழுதிப் பார்த்தேன், கதை சுலபமாக முடிந்துவிட்டது. அதனால் மாற்றினேன்.]

“சார், மூணு வார்த்தை சொல்றேன். மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில திருப்பிக் கேப்பேன். மாம்பழம், குடை, ரயில்.”

“சரிங்க டாக்டர்.”

“இது என்ன வருஷம்?”

டாக்டரின் தலைக்குப் பின்னால் காலண்டர் தொங்கியது. க்விஸ் மாஸ்டரின் கண் சும்மா இருக்குமா? “ரெண்டாயிரத்து ஏழு.”

“எந்த ஊர்ல இருக்கோம்?”

“பாண்டிச்சேரி.”

“இப்ப புதுச்சேரின்னு மாத்திட்டாங்களே சார்.”

“பேர மாத்துனா ஊர் மாறிடுமா டாக்டர்?”

டாக்டர் புன்னகைத்தார். “நமக்கு சுதந்திரம் எப்ப கிடைச்சுது?”

“உங்களுக்கா, எங்களுக்கா?” ஒகுஸ்த் இப்போது மேடையில் இருந்தார். “உங்களுக்கு நாப்பத்தியேழு ஆகஸ்ட் பதினஞ்சு. எங்கள விட்டது அம்பத்திநாலு நவம்பர் ஒண்ணு. சட்டப்படி கேட்டீங்கன்னா அறுவத்திரண்டு ஆகஸ்ட் பதினாறு. மூணுல எது வேணும்?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “சரி, ஜனாதிபதி யாரு?”

இங்கே ஒரு சின்ன இடைவெளி வந்தது. அந்த இடைவெளியை ஏஸ்தெல் ஒருத்திதான் அறிவாள். க்விஸ்ஸில் மணி அடிப்பதற்கு முன்னால் விடை தெரியாதவன் முகத்தில் வருகிற வெறுமை அது. இந்த வருஷம் பிரான்சிலும் ஆள் மாறியாயிற்று, இந்தியாவிலும் மாறியாயிற்று. இரண்டில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. இதோ விழுந்துவிடப் போகிறார் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டதற்காக உடனே மனசுக்குள் சிலுவையும் போட்டுக்கொண்டாள்.

“எந்த நாட்டு ஜனாதிபதி டாக்டர்?” என்றார் ஒகுஸ்த்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “சூப்பர் சார்! நியாயமான கேள்வி!” பதிலுக்குக் காத்திருக்கவே இல்லை, தாளில் ஒரு டிக் போட்டார். இரண்டு நாட்டுக்கு நடுவில் நிற்கிறவனுக்கு மட்டும் வாய்க்கிற சந்து அது. ஒகுஸ்த் அதற்குள் நழுவி அந்தப் பக்கம் போய்விட்டார்.

“வீட்ல யார் யார் இருக்கீங்க?”

ஒகுஸ்த் ஏஸ்தெல் பக்கம் திரும்பி, கண்ணைச் சிமிட்டினார். “பாஸ். அடுத்த டீம்.”

“நானும் அவரும்தாங்க டாக்டர். பையன் பிரான்சுல” என்றாள் அவள்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் சொல் வெளியே போயாயிற்று. நாற்பது வருஷப் பழக்கம். அவர் பாஸ் என்றால் அவள் சொல்லிவிடுவாள், சபையில் அவர் தலைகுனியக் கூடாது. தன் வாயில் தானே போட்டுக்கொண்ட மண்ணைத் துப்ப முயன்றாள். “டாக்டர், அவருக்கு என்ன அடையாளம் தெரியலங்க.”

“சார், உங்க மனைவி பேர் என்ன?”

“ஏஸ்தெல். அறுவத்தியாறு மே மாசம், சம்பா கோயில்ல கல்யாணம். அவங்கப்பா பேரு கிறிஸ்தோஃப். மீன் கொழம்புல மாங்கா போடலன்னா தட்டத் தள்ளிடுவா.”

“அம்மா, எனக்கே என் மாமனார் முழுப்பேரு தெரியாது. இதுக்கு மேல அவருக்கு என்னம்மா தெரியணும்?”

அதற்குள் டாக்டருக்கும் ஆட்டத்தில் ருசி தட்டிவிட்டது. எம்.ஜி.ஆர். எங்கே பிறந்தார் என்று கேட்டார். இலங்கையில், கண்டிப் பக்கம் நாவலப்பிட்டி என்றார் ஒகுஸ்த். அப்படியே ஒன்றிலிருந்து ஒன்றாகப் போயிற்று. மாம்பழம், குடை, ரயிலைத் திருப்பிக் கேட்க டாக்டர் மறந்துவிட்டார். ஏஸ்தெல் மறக்கவில்லை. நினைவுபடுத்த வாயெடுத்தாள். அப்போது ஒகுஸ்த்தின் முகம் பழைய ஜூலை பதினாலு முகமாக இருந்தது. அதைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை.

மருந்துச் சீட்டு எழுதினார்கள். அவள் பெயரில் எழுதினார்கள். வைட்டமினும், தூக்கத்துக்கு ஒரு மாத்திரையும்.

7

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவர்கள் இரண்டாம் முறை வந்த நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த வாக்கியம் உங்களுக்குப் புரியும். தெரியலன்னு சொல்லிடுங்க, ஒரே ஒரு தடவ, எனக்காக.

அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்: “மதாம், உங்க மனசு கஷ்டம் எனக்குத் தெரியுது. ஆனா தெரிஞ்சத தெரியாதுன்னு சொல்றது ஆட்டத்துக்கு அழகில்ல.”

அவர்களைக் கூப்பிட்டார்கள், போனார்கள். ஒரே ஒரு வாக்கியம்தான் நிஜம் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதவு சாத்தியிருந்த அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு ஆண்களின் சிரிப்பு, நடுவில் நர்சுப் பெண்ணின் சிரிப்பு. ஊசி போடும் இடத்தில் இவ்வளவு சிரிப்பு வருமா என்று வெளியே நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நானும் சிரித்தேன். பிறகு கதவு திறந்து அந்த அம்மாள் முதலில் வெளியே வந்தாள்.

அவள் முகத்தை வர்ணிக்க மாட்டேன்.

8

[இங்கே முடித்துவிடலாம் என்று பார்த்தேன். ‘கதவு திறந்தது’ என்று முடித்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அழகாக முடிகிற இடத்தில் எழுத்தாளன் எழுந்து போய்விடுவான், அவள் அதே வீட்டுக்குத்தான் திரும்பவேண்டும். அதனால் கிறிஸ்துமஸுக்குத் திதியேவை வரவழைத்தேன். கடைசி வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

வந்தவன் கூடத்தில் பாயைப் பார்த்தான். “என்னா மம்மா, சண்டையா? இந்த வயசுலயா?” என்று சிரித்தான். அப்பா அம்மாவை மதாம் என்றதைக் கேட்டு, போனில் பெண்சாதிக்குச் சொல்லி அதற்கும் சிரித்தான். வீதியில் பின்தொடர்வதைச் சொன்னாள். “பப்பாவுக்கு வாக்கிங் நல்லதுதானே” என்றான். நல்ல பிள்ளை. அப்பா நன்றாக இருக்கிறார் என்று நம்ப ஆசைப்படுகிற பிள்ளையை எப்படித் திட்டுவது?

அவன் ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள், சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். ஆதிமூலமும் வந்துவிட்டார். க்விஸ் தானாகத் தொடங்கியது. திதியே கேட்க, ஒகுஸ்த் சொல்ல, ஆதிமூலம் தொடையைத் தட்ட, வீடு கலகலவென்று இருந்தது. ஒகுஸ்த்துக்கு இந்த வெளிநாட்டுப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. “தம்பி, எந்த டீம் நீங்க?” என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

“பாத்தியா மம்மா?” என்றான் திதியே, சமையலறைப் பக்கம் திரும்பி. “ஒண்ணுகூடத் தப்பு இல்ல. நான் நிம்மதியா ஊருக்குப் போறேன்.”

ஏஸ்தெல் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். நேராகப் போய் ஒகுஸ்த்துக்கு எதிரில் நின்றாள்.

“நானும் ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க மதாம்” என்றார் ஒகுஸ்த், சந்தோஷமாக.

இத்தனை மாதமாக அவள் கேட்காத கேள்வி அது. கேட்காதவரை விடை கிடையாது, விடை கிடையாதவரை எப்படியோ சமைத்து, துவைத்து, பின்னால் நடந்து ஓட்டிவிடலாம். இனி ஓட்ட முடியாது. நாளைக்குப் பிள்ளை விமானம் ஏறிவிடுவான்.

“நான் யாரு?”

சிரிப்பு நின்றது. ஒகுஸ்த் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

9

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கவும்.

(அ) “ஏஸ்தெல்” என்கிறார்.

இதைத்தான் முதலில் எழுதினேன். எழுதிவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு யோசித்தேன். திதியே விமானம் ஏறிவிடுவான். கதவு மூடியதும் மறுபடி மதாம், மறுபடி தாழ்ப்பாள். இனி அவள் பேச்சை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. அவருக்கு அவளைத் தெரிந்துதான் சொன்னாரா? இந்தப் பையன் இவளை மம்மா என்கிறான், சமையலறையிலிருந்து வருகிறாள், எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், ஆகவே விடை ஏஸ்தெல்லாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒரு க்விஸ் மாஸ்டர் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? மார்க் கிடைக்கும். தெரிந்ததா, ஊகித்ததா என்று சாகும்வரை அவள் நினைத்துக்கொண்டே கிடப்பாள்.

(ஆ) “தெரியலீங்களே மதாம். ஆனா ரொம்ப நல்லவங்க, வேளாவேளைக்குச் சோறு போடறீங்க” என்கிறார்.

திதியே உடைந்துபோவான். ஆதிமூலம் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார். அவள் ஜெயித்துவிடுவாள். டாக்டர், விமானம், பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் கிடைத்துவிடும். இதற்காகத்தானே இத்தனை பாடு? ஆனால் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த பிறகு, ஜெயித்தவளை வைத்துக்கொண்டு நான் அடுத்த வரி என்ன எழுதுவது? எழுதிப் பார்த்தேன். அவள் “மெர்சி, முசே” என்றாள். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

(இ) “அத நீங்கதான் சொல்லணும் மதாம்” என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள்.

இதுதான் நடந்திருக்கும் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரியும். அதனாலேயே இதை எழுத மறுக்கிறேன்.

(ஈ) அவள் கேட்கவே இல்லை, ஈரக்கையோடு சமையலறையிலேயே நின்றுவிட்டாள்.

இது கோழையான என் விடை, அவளுடையது இல்லை. அவள் கேட்டுவிட்டாள். மேலே எட்டாம் பகுதியில் எழுதியாயிற்று, இனி அடிக்க மனசில்லை.

விடைத்தாள் என்னிடம் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன் என்று ஜம்பமாகச் சொல்லலாம்தான், ஆனால் உண்மையிலேயே இல்லை. எந்த விடையைப் போட்டாலும் அவள் தோற்கிறாள். தோற்காத ஒன்றைத் தேடி இந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன், கிடைக்கவில்லை. நீங்கள் தேடுங்கள், கிடைத்தால் சந்தோஷம்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். விடை எதுவானாலும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்த அம்மாளை எங்காவது உட்கார வையுங்கள். காலையிலிருந்து பத்துப் பேருக்கு ஆகிற சமையலை ஒற்றை ஆளாகச் செய்திருக்கிறாள். நான் கவனிக்காமல் அவளை நிற்க வைத்தே எழுதிவிட்டேன்.